மாமா வேண்டாமென்ற பவர் சப்ளைகளும் மிச்சமிருந்த ஒன்றும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கேட்காததைச் சொல்வதுதானே எங்கள் பிழைப்பு. பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "குடும்பக் கதையா ஒண்ணு குடுங்க. கொஞ்சம் சண்டை இருக்கட்டும். யாரையும் சாகடிச்சுடாதீங்க, போன இதழ்லயே மூணு பேர் போயிட்டாங்க" என்றார். அப்போது நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு பவர் சப்ளையின் விவரத் தாளை வரி விடாமல் படித்து முடித்து, அதன் நெற்றியில் சிவப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றியது.

பவர் சப்ளை தெரியாதவர்களுக்கு: சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். ஒழுங்காக உழைத்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கெட்டால் தான் மட்டும் போகாமல் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். [இங்கே "சில உறவினர்களைப் போல" என்று எழுதியிருந்தேன். அக்கா படிப்பாள் என்பதால் எடுத்துவிட்டேன்.]

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

"இருள் சூழ்ந்த அந்த அறையில், அணைந்துபோன திரையின் முன்னால் ஒரு பெண்" ... அறையில் இரண்டு டியூப் லைட் இருக்கிறது. இரண்டும் எரிகிறது. விட்டுவிட்டேன்.

"மின்சாரமும் அன்பைப் போன்றதுதான், கண்ணுக்குத் தெரியாது, ஆனால்" ... இந்த ஆனாலுக்குப் பிறகு எதை எழுதினாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

"அக்கா வேலையை விட்டுவிட்டாள்." இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் இருந்தாள். எந்தச் சுவர் எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாம் யோசித்துப் போடுவது அவள். கீழே பெயர் மட்டும் முதலாளியுடையது. ஒருநாள் ஒரு பல் டாக்டர் அவளிடம் நேராக வந்து, தன் புது கிளினிக்குக்கு அவளே படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அக்கா மறுநாளே ராஜினாமா கொடுத்தாள். இனி என் படத்துக்குக் கீழே என் பெயர்தான் இருக்கும் என்றாள். கிளினிக் படம் முக்கால்வாசி முடிந்தபோது அவளுடைய கம்ப்யூட்டர் செத்தது.

(ஆசிரியர் கவனத்துக்கு: கம்ப்யூட்டர் சாகலாம் அல்லவா?)

படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது.* டாக்டர் தினமும் போன் செய்தார். நல்ல மனிதர், பல்லைப் பிடுங்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பார் போலிருக்கிறது. "மேடம், தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. சுவர் எங்க வருதுன்னு மேஸ்திரி கேக்கறார். திங்கக்கிழமைக்குள்ள கைக்கு வரலைன்னா, உங்க பழைய ஆபீஸ்லயே குடுத்துடலாமான்னு வீட்டுல சொல்றாங்க" என்றார். பழைய ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு அக்காவின் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப் போவதில்லை. இந்தக் கதை முழுவதும் அந்த டிஸ்க்கைப் பற்றியது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

* "வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு பிரதி எடுத்துக்கொள்வதுதானே" என்று கேட்கப்போகும் புத்திசாலி வாசகருக்கு: நாங்களும் கேட்டோம். மாமாவின் பதில்: "அவன் சிஸ்டத்துக்குள்ள என்ன பவர் சப்ளை இருக்கோ, யாரு கண்டா?"

3

இந்த மாமா பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நம்புவீர்களா?

மாமா குடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். வேண்டாம் என்று சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறார். குடையை விரிப்பார், மடக்குவார். கம்பியில் இருக்கும் கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். விழுந்தால் குடை அடுத்த மேசைக்குப் போகும். விழாவிட்டால் சிவப்புப் புள்ளி. பாஸ் ஆனதற்கு ஸ்டிக்கர் கிடையாது, அதனால் பாராட்டுவதற்கான பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. அக்காவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த அன்று, பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டதற்கு, "குறை ஒண்ணும் இல்லை" என்றாராம். அவரிடம் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. அக்கா அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் புது கம்ப்யூட்டருக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து விழுந்தது. மற்ற பாகங்களெல்லாம் வந்து கட்டிலுக்கடியில் படுத்திருந்தன. இது ஒன்றுதான் பாக்கி. ஒன்றுக்கு ஐந்து வருட உத்தரவாதம்: "ஆறாவது வருஷம் என்ன பண்றதாம்?" இன்னொன்றுக்குப் பத்து வருடம்: "இவ்வளவு தாராளமா குடுக்கிறான்னா ஏதோ இருக்கு." கரண்டை வீணாக்காமல் இருப்பதற்கு இந்தப் பெட்டிகளுக்குப் பதக்கம் வேறு கொடுக்கிறார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே இரண்டு. ஓட்டப் பந்தயத்தில்கூட மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெண்கலம் மாமாவுக்குக் கேவலமாகத் தெரிந்தது, தங்கம் பகட்டாகத் தெரிந்தது. ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். காதை வைத்துக் கேட்டு, உள்ளே இருக்கும் விசிறி மூச்சு வாங்குகிறது என்று மறுநாள் திருப்பிக் கொடுத்தார். அதன் வயர் ஒன்று மட்டும் டிராயரிலேயே தங்கிவிட்டது. (அந்த வயரை நினைவில் வையுங்கள். கெட்டிக்கார எழுத்தாளன் இதை இப்படிப் போட்டு உடைக்க மாட்டான்.)

இதுவரைக்கும் சிரித்தீர்கள் என்றால் எனக்குச் சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "ஒண்ணை விட்டுட்டியே" என்றாள்.

"என்னது?"

"பழசு ஏன் போச்சுன்னு எழுதலையே."

பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, வெளிப் பெட்டியோடு சேர்ந்து சும்மா வந்தது. மாமா அதைத் திருப்பிப் பார்த்து, ஸ்விட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் மாட்டினார். அதுதான் புகைந்துபோய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. அவர் தன் வீட்டுக்காக பாஸ் போட்டது அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மேலே உள்ள பத்திகளைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை. நகைச்சுவை நன்றாக வந்திருந்தது.

4

கதையின் நாயகி சும்மா உட்கார்ந்து அழக்கூடாது என்று இந்தக் காலத்து வாசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். அக்காவுக்கு வாசகர்களைப் பற்றிக் கவலையில்லை. ஆனாலும் அவள் அழவில்லை. பென்சிலை எடுத்தாள்.

புது கம்ப்யூட்டரின் பெட்டி, கேபினெட் என்கிறார்கள், ரொம்பச் சின்னது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடம் அவ்வளவுதான். கையிலிருந்த காசும் அவ்வளவுதான். அக்கா அந்தப் பெட்டியை வீடு மாதிரி அளந்து, வரைபடத் தாளில் வரைந்தாள். காற்று உள்ளே வரும் வழிக்கு ஓர் அம்புக்குறி, வெளியே போகும் வழிக்கு ஓர் அம்புக்குறி. பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

"நீங்க வாட், பதக்கம், வருஷம்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க. எல்லா பாகத்தையும் கூட்டினாலும் முந்நூறு வாட்டைத் தாண்டாது. ஐந்நூத்தம்பது போதும், அதுவே அதிகம். இடத்தைப் பாருங்க."

"இடம் இருக்கே. உள்ள போகுமே."

"போகும். இத பெட்ரூம்னு வச்சுக்குங்க. கட்டில் உள்ள போயிடுச்சு, சரி. கதவைத் தொறக்க வேண்டாமா?"

கட்டில் என்பது பவர் சப்ளை. கதவு என்பது வயர். சாதாரணப் பவர் சப்ளையின் முதுகிலிருந்து எல்லா வயர்களும் கொத்தாக வெளியே வரும், தேவையோ இல்லையோ. இந்தச் சின்னப் பெட்டியில் அந்தக் கொத்து காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு உட்காரும். ஆகவே நீளம் குறைந்ததாக, தேவையான வயரை மட்டும் செருகிக்கொள்கிற வகையாக இருக்க வேண்டும். அக்கா மாமாவின் தாள்களை எல்லாம் வாங்கி, இந்த ஒரு கணக்கை வைத்து வடிகட்டினாள். புள்ளி வாங்கியவை, வாங்காதவை என்று பார்க்கவில்லை. அவர்கள் கையிலிருந்த காசுக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

மாமா அந்தத் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். சிவப்புப் புள்ளி ஒன்று அவர் ஆள்காட்டி விரலில் ஒட்டித் தயாராக இருந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு புள்ளியை விரலிலிருந்து உரித்துத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டார்.

5

கடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் கூடப் போயிருந்தேன், கூடப் போனவன் எழுதினால் தன்னைத்தான் நிறைய எழுதுவான்.

கடைக்காரம்மா முதலில் எழுநூற்றைம்பது வாட்டை எடுத்து வைத்தார். அக்கா வரைபடத்தைக் கண்ணாடி மேசையில் விரித்தாள். கடைக்காரம்மா படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுநூற்றைம்பதை மறுபடியும் அலமாரியில் வைத்தார்.

"நீங்க கேக்கற மாடல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பெட்டி பிரிச்சது. யாரோ வாங்கிட்டுப் போய் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தது. ஹார்டு டிஸ்க் வயர் மட்டும் அதுல இல்லை, ஆர்டர் போட்டிருக்கேன். அதனாலதான் விலை குறைச்சல்." (மாமா திருப்பிக் கொடுத்தது இதுவல்ல. அது வேறு கம்பெனி, வேறு கடை.)

"வயர் எப்ப வரும்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது ஓடுறதே தெரியாது. சூடானாத்தான் விசிறி சுத்தும். சத்தம் வரலை, ஓடலைன்னு தூக்கிட்டு வந்துடாதீங்க, பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க."

அக்கா வாங்கிவிட்டாள். இத்தனை நாள் இழுத்த விஷயம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் ஓர் எழுத்தாளனாக எனக்கு ஏமாற்றம்தான்.

6

முடிவுகள்.

(அ) வயர் வருகிறது. கம்ப்யூட்டர் ஓடுகிறது. டாக்டர் படத்தை வாங்கிக்கொண்டு அக்காவின் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

(ஆ) அக்கா பொறுமையிழந்து வீட்டை விட்டு ... இதை எழுதினால் நான் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்.

(இ) எரிகிறது. இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் எப்படி எரிய வைப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஒரு ஹார்டு டிஸ்க்கை நம்பற மாதிரி எரிக்கணும்" என்றேன்.

கடைக்காரம்மா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "இன்சூரன்ஸா?"

"கதைக்கு."

"ரொம்ப சுலபம். ஒரு கம்பெனி பவர் சப்ளைல இன்னொரு கம்பெனி வயரைச் செருகிடுங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளயும் போயிடும். ஆனா உள்ளாற கம்பி வரிசை வேற. பட்டனை அமுக்கின உடனே டிஸ்க் காலி. எரிஞ்சா நம்ம கடைக்கே கொண்டு வாங்க." பிறகு மேசைக்கடியில் தேடி ஒரு சின்னக் கவரைக் கொடுத்தார். "உங்க அக்காவோட வயர் வந்துடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

கவரைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எழுதினேன்:

[மாமா டிராயரைத் திறந்தார். திருப்பிக் கொடுத்த பவர் சப்ளையின் வயர் அங்கே கிடந்தது. எடுத்துச் செருகினார். 'டக்' என்று உட்கார்ந்தது. குடைக் கொக்கி விழுவது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகத்தில்]

இங்கே நிறுத்திக் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். நம்பும்படி இல்லை. விசிறி மூச்சு வாங்குகிறது என்று திருப்பிக் கொடுத்த மனிதர் இப்படிச் செய்வாரா? பாத்திரத்தின் குணத்தை முடிவுக்காக வளைப்பது கதைக்குச் செய்யும் துரோகம் என்று ஓரத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பைப் படித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

7

அன்று சாயங்காலம் பிரதியையும் பையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேசைமேல் மூடியெல்லாம் போட்டுத் தயாராக நின்றது. மாமா தலை சீவியிருந்தார்.

"நானே மாட்டிட்டேன். இவளுக்குத் தெரியாது, இப்பத்தான் கடைத்தெருவுலேர்ந்து வந்தா. காபி குடிச்சிட்டு ஆன் பண்ணுவோம்" என்றார். கையை நீட்டினார். "அது என்ன, கதையா? குடு."

அவர் என் கதையைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சித்திரவதை. பக்கத்தில் சிவப்புப் புள்ளித் தாளை வைத்துக்கொண்டார். முதல் பத்தியில் ஒன்று ஒட்டினார். தங்கப் பதக்கத்தைக் கிண்டல் செய்த இடத்தில் ஒன்று. பழைய கம்ப்யூட்டர் புகைந்த இடத்தில் ஒட்டவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினார். ஆறாம் பகுதிக்கு வந்தார். கோடு போட்ட வரிகளைக் கோட்டோடு சேர்த்துப் படித்தார்.

பிறகு எழுந்துபோய்க் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு திருகு கை தவறி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவர் குனியவில்லை. உள்ளே கைவிட்டு ஒரு வயரை உருவி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டக்குனு உக்காந்துச்சுடா" என்றார்.

என் சாமர்த்தியமான குறிப்பு ஓரத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தது.

அக்கா காபித் தம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "அது எந்த வயர்?"

மாமா வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னேன். அக்கா தம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"இந்த ஒரு தடவையாவது என்னால லேட் ஆகக்கூடாதுன்னு நினைச்சேன்."

"ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பின்னாடி ஸ்விட்சைப் போட்டேன்."

"அது பரவாயில்லை. முன்னாடி பட்டன்?"

பின்னால் இருக்கும் ஸ்விட்ச், தெருவிலிருந்து வீட்டுக்குக் குழாயைத் திறப்பது மாதிரி. முன்னால் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் டிஸ்க்குக்குக் கரண்ட் போகும். மாமா தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வச்சேன். நீ படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. உடனே பின்னாடி அணைச்சிட்டேன். அமுக்கினேனா, தொட்டேனான்னு ..." என்று நிறுத்தினார். "உள்ள சத்தம் எதுவும் வரலை."

"இதுல சத்தம் வராது" என்றாள் அக்கா.

8

சரியான வயரை அக்காதான் செருகினாள். அது சத்தமே போடாமல் உள்ளே போனது. மாமா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், டக் வரவேயில்லை. அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அக்கா மூடியைப் போட்டாள். மேசைமேல் கிடந்த சிவப்புப் புள்ளித் தாளை எடுத்தாள். மாமாவின் அதே சட்டைப் பையில் இன்னும் ஒட்டியிருந்ததையும் உரித்து அதிலேயே ஒட்டி, தாளை என் கையில் திணித்தாள்.

"இதையும் எடுத்துக்கிட்டு நீ வெளிய நில்லு."

"நான் ஒண்ணும் எழுத மாட்டேன்க்கா."

"நீ எழுதுவ. நீ உள்ள இருந்தா இவர் உன் கதையில பேசற மாதிரியே பேசுவார். எங்க வீட்டு விஷயம், நாங்க பாத்துக்கறோம்."

கதவு சாத்தப்பட்டது. எழுதியவனைக் கதையை விட்டு வெளியே அனுப்பிய முதல் பாத்திரம் என் கூடப் பிறந்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆசிரியர் நாளைக் காலை கதை கேட்பார். (அ) இருக்கிறது, (இ) இருக்கிறது. இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் எழுதிப் பார்த்துக் கோடு போட்டதை மாமா ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு வரி எழுதப் பயமாக இருக்கிறது. அந்த டிஸ்க் பிழைத்திருக்க வேண்டும். கதைக்கு அது நல்லதா கெட்டதா என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை, பிழைத்திருந்தால் போதும்.

பின்னால் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முன்னால் பட்டன், அமுக்கியது அக்காவா மாமாவா தெரியாது. பிறகு சத்தம் இல்லை. நல்ல பவர் சப்ளையும் செத்த கம்ப்யூட்டரும் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரே மாதிரிதான் கேட்கின்றன.

வெகுநேரம் கழித்து மாமாவின் குரல் வந்தது.

"குறை"

அவர் அதற்கு மேலும் சொன்னார். நான் அதற்குள் படியிறங்க ஆரம்பித்துவிட்டேன், வேண்டுமென்றேதான். சிவப்புப் புள்ளித் தாள் என் கையில் இருக்கிறது, பாதிக்கு மேல் மிச்சம். இந்த முடிவில் ஒட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தருகிறேன், தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள். மாமாவிடம் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அவர் வாயைத் திறந்துதான் சொல்லியாக வேண்டும்.